நடுவில் ஒரு வெள்ளைச் சுவர்

ஜெனோவா
3 மே 1987

ஒண்டினாவுக்கு,

தொலைபேசியில் கூப்பிட்டால் இருவரும் மூச்சு விடுவதைத்தான் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் எழுதுகிறேன். கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது என்பது இன்னொரு வசதி.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். செப்டம்பர் கடைசிக்குள் கம்பெனிக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்று, இங்கேயே நிரந்தரமாக இருந்து கப்பல் வரைவது. அல்லது திரியெஸ்தேக்குத் திரும்பிச் சாமான் கிடங்கில் உட்கார்ந்து ஆணி எண்ணுவது. நீ வருவதாக இருந்தால் இங்கே வீடு பார்ப்பேன். வராவிட்டால் நம் கதி என்ன என்று யோசிக்கவே எனக்குத் தைரியம் இல்லை. "போறதுன்னா போ, நான் இந்த ஊரை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்" என்று பிப்ரவரியில் சொன்னாய். ஏன் என்று கேட்டேன். பாத்திரம் கழுவப் போய்விட்டாய்.

இந்த ஊரையும் கொஞ்சம் கேள். துறைமுகத்துக்குப் பின்னால் சந்துகள் இருக்கின்றன. கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். அதில் ஒன்றில் விறகு அடுப்பில் கடலைமாவு அடை சுடுகிறார்கள். பெரிய செம்புத் தட்டில் ஊற்றி, ஓரம் கருகுகிற நேரத்தில் வெளியே இழுத்து, கிழித்துக் காகிதத்தில் போட்டுத் தருகிறார்கள். மேலே மிளகுத்தூள். நான் நின்றபடியே இரண்டு சாப்பிடுகிறேன். காலையில் எண்ணெய் மினுக்கும் உப்பு ரொட்டியைப் பால் காபியில் தோய்த்துத் தின்கிறார்கள். முதல் நாள் அருவருப்பாக இருந்தது, இப்போது அது இல்லாமல் முடியவில்லை. ஊருக்குள்ளேயே லிஃப்டில் ஏறி மலைக்குப் போகலாம். மேலே போய் நின்றால் கூரைகளும் கப்பல்களும் காலடியில் கிடக்கும்.

ஒரே குறை, பாலில்லாத காபிக்கு நம் வழக்கப்படி "ஒரு கறுப்பு" என்று கேட்டால் காபிக் கடைக்காரன், "கறுப்புன்னா என்னது, சட்டையா?" என்கிறான்.

வந்து பார். பார்ப்பதில் என்ன நஷ்டம்?

நேவியோ

❖

திரியெஸ்தே
12 மே 1987

நேவியோ,

ஒரு கடலைமாவு அடைக்கு இத்தனை வர்ணனையா? கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு எழுதியபோதுகூட நீ அரைப் பக்கத்தைத் தாண்டியதில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். சனிக்கிழமை கண்ணாடிக் கடையில் என் வேலை மதியம் முடிந்ததும் நேராகப் பன்றிக்கறிக் கடைக்குப் போனேன். கொப்பரை மூடியைத் திறந்தார்கள், என் கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்துவிட்டுப் பார்த்தால் கறி வெட்டுகிறவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னம்மா, இன்னிக்கும் ஒத்தை ஆளா?"

"ஒத்தை ஆளுன்னு ஒத்தைப் பங்கு வச்சுடாதீங்க. அவர் பங்கையும் சேத்து வைங்க, நானே தின்னுக்கறேன்."

நாக்கும், கழுத்துக் கறியும், புளித்த முட்டைக்கோஸும், மேலே பனி பெய்த மாதிரி காரக் கிழங்குத் துருவல். மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிழங்கினால்தான். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

அங்கிருந்து நம் காபிக் கடை. சலவைக்கல் மேஜை, மரக்கம்பில் கோத்த செய்தித்தாள், ஒரு காபிக்கு ஒரு மதியம் முழுவதும். ஒருவரும் வந்து "வேறென்ன வேணும்" என்று நச்சரிப்பதில்லை. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் செத்துப்போன ஒரு ராஜாவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கல்பாலத்தில் கடைசிவரை நடந்தேன். ஊரே நடந்தது. அந்த முனைக்குப் போய் யாரும் ஒன்றும் செய்வதில்லை, திரும்பி வருகிறோம், அவ்வளவுதான். அதையே ஒரு வேலையாக மதித்துச் செய்கிற ஊர் வேறு எங்காவது இருக்கிறதா?

நம் பெடோச்சின் கடற்கரையையும் திறந்துவிட்டார்கள். கூழாங்கல் இன்னும் சில்லென்றுதான் கிடக்கிறது. உலகத்தில் மற்றக் கடற்கரைகளில் எல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்துப்போகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. வாசலில் சீட்டு வாங்கியதும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் தண்ணீர்வரை ஓடும் வெள்ளைச் சுவர். உள்ளே தொப்பையை இழுத்துப் பிடிக்க வேண்டாம், தலையை வாரிக்கொள்ள வேண்டாம், வாய்க்கு வந்ததைப் பேசலாம். சாயங்காலம் வாசலில் உன்னைப் பார்க்கும்போது யாரோ புது ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். அது எனக்குப் பிடிக்கும்.

உன் ஊரில் இப்படி ஒரு சுவர் கட்டச் சொல், பிறகு யோசிக்கிறேன். காரணம் கேட்கிறாயே, எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. அது போதாதா?

ஒண்டினா

❖

ஜெனோவா
30 மே 1987

ஒண்டினா,

போதாது. அது காரணம் இல்லை, சாக்கு.

எனக்கும்தான் அந்த ஊர் பிடிக்கும். போரா காற்றில் தொப்பியைத் துரத்திக்கொண்டு ஓடி வளர்ந்தவன் நான். உன் கடிதத்தில் பன்றிக்கறி இருக்கிறது, காபி இருக்கிறது, சுவர்கூட இருக்கிறது. நான் இரண்டு வரியில் வருகிறேன், ஒன்று என் பங்குக் கறியை நீ தின்றாய் என்பதற்காக, இன்னொன்று வாசலில் புது ஆள் மாதிரி நிற்பதற்காக.

ஊர் முக்கியமா, நான் முக்கியமா? மதில்மேல் பூனையாக என்னை உட்கார வைக்காதே. ஒரு வார்த்தையில் எழுது.

நேவியோ

❖

திரியெஸ்தே
15 ஜூலை 1987

நேவியோ,

உன் கேள்விக்குப் பதில் எழுத ஆறு வாரமாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இப்போது அதெல்லாம் போகட்டும்.

இன்று வேலை முடிந்து குளிக்கப் போனேன். பெடோச்சினில் சீட்டுக் கொடுக்கிற அம்மாள் என்னைப் பார்த்ததும், "உங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை வந்திருந்தாரே, பாவம், எளைச்சுட்டார்" என்றாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அவர் ஜெனோவால இருக்கார், வேற யாரையோ பாத்திருக்கீங்க" என்றேன். "எனக்குத் தெரியாதா உங்க நேவியோவ? கையில ரொட்டிப் பொட்டலம் வச்சிருந்தார். கொஞ்ச நேரத்துலயே நனையாம கொள்ளாம கிளம்பிட்டார். நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு சொன்னேன், தெரியும்னு சொல்லிட்டுப் போனார்."

தெரியும் என்று சொன்னாயா? நாடு முழுக்கக் குறுக்கே ரயிலில் வந்தவனுக்கு நம் வீட்டு மாடிப்படி ஏற முடியவில்லையா? அந்தப் படியில் நீ எத்தனை தடவை ஏறியிருக்கிறாய், அது உன்னை என்ன செய்தது? கோபத்தில் எழுத்துக் கோணிக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் சிநேகிதி ஃபுல்வியாவும் சுவரை ஒட்டித்தான் படுத்திருந்தோம். நீ எங்கே படுத்திருந்தாய்?

ஒண்டினா

❖

ஜெனோவா
22 ஜூலை 1987

ஒண்டினா,

சுவரை ஒட்டித்தான். அங்கேதானே நிழல்.

சொல்லாமல் வந்து சாயங்காலம் வாசலில் உனக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று வந்தேன். நீ காபியில் தோய்த்துப் பார்க்கட்டும் என்று இந்த ஊர் ரொட்டி வாங்கி வந்தேன். துண்டை விரித்துப் படுத்ததும் ஃபுல்வியாவின் குரல் கேட்டது. அவள் குரலுக்குச் சுவர் ஒரு தடையா?

"ஏண்டி, அங்க அவனுக்கு எவ ஆக்கிப் போடறா? தனியா விட்டா ஆம்பள சும்மா இருப்பானா?" என்றாள்.

நீ சொன்னாய்: "அவனா? கப்பலுக்குக் கோடு போடவே அவனுக்குப் பொழுது பத்தாது. இன்னொருத்திக்குக் கோடு போட எங்க போக?"

நீங்கள் சிரித்தீர்கள். இந்தப் பக்கம் சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்களும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

"அப்புறம் என்னடி, போயேன். ஜெனோவாலயும் கடல் இருக்கு."

"கடலுக்கு என்ன, எங்க வேணா இருக்கும். அங்க போனா அவனும் நானும் ஒரே மேஜைல எதிரெதிரா உக்காரணும். காலைல, மத்தியானம், ராத்திரி. என்னத்தப் பேசறது? இங்கன்னா காபிக் கடை பேசுது, கறிக்கடைக்காரன் பேசறான், பாலத்துல பாதி ஊரு நிறுத்தி நிறுத்திப் பேசுது. வீட்டுக்கு வந்தா தூங்க மட்டும்தான் நேரம். பிப்ரவரில போரா அடிச்சு மூணு நாள் கதவத் தொறக்க முடியலையே, அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. அவனுக்கும் எனக்கும் பேச ஒண்ணும் மிச்சமில்லடி. பயமா இருக்கு."

இந்தப் பக்கம் ஒரு கிழவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார் போலிருக்கிறது, சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். நான் துண்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

எங்கே போவதென்று தெரியாமல் டிராமில் ஏறி மலைக்குப் போனேன். சாலையோரம் இலைக்கிளை கட்டித் தொங்கியது. அம்புக்குறி காட்டிய வழியே நடந்தேன். கிளை இருக்கும் வீட்டில் அவர்கள் வீட்டு ஒயினும் பன்றித்தொடையும் கிடைக்கும் என்று நமக்குப் பால்குடியிலிருந்து தெரியுமே, முற்றத்துக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்து, "அரை லிட்டர் சிவப்பு" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டேன். கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த குடியானவர் திரும்பிப் பார்த்தார்.

"கிளை காஞ்சு போய்த் தொங்குதே, பாக்கலையா? வியாழக்கிழமையே எங்க விக்கிற முறை முடிஞ்சுது. கிளைய எறக்கணும், முதுகு விடமாட்டேங்குது."

எழுந்தேன். "உக்காருங்க, உக்காருங்க. மூஞ்சியப் பாத்தா நல்லாப் பசியில வந்தவர் மாதிரி இருக்கு" என்றார். அவர் பெண்டாட்டி அவித்த முட்டையும் தொடைக்கறியும் கொண்டு வந்து வைத்தாள். முட்டை கூடுதலாக வெந்துவிட்டது என்றார் இவர். வெந்தால்தான் முட்டை என்றாள் அவள். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை அந்த ஒரு முட்டையை வைத்துக்கொண்டே பேசித் தீர்த்தார்கள். கீழே வளைகுடா முழுவதும் தெரிந்தது, ஒயின் அருமை, கறி வாயில் கரைந்தது. எனக்கு அவர்களைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. ரொட்டிப் பொட்டலத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினேன்.

காரணம் கேட்டுக்கொண்டே இருந்தேன். கிடைத்துவிட்டது.

நேவியோ

❖

திரியெஸ்தே
2 ஆகஸ்ட் 1987

நேவியோ,

சுவருக்கு அந்தப் பக்கம் காதில் விழுந்ததை வாசலுக்கு வெளியே கொண்டுவரக் கூடாது. சின்னப் பையன்களுக்குக்கூட இது தெரியும். நம் அப்பாக்கள் எவ்வளவு கேட்டிருப்பார்கள், ஒருவராவது வீட்டில் வாயைத் திறந்திருப்பார்களா? நீயோ ஒரு சொல் விடாமல் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாய். கடிதம் கிடைத்த அன்று ஃபுல்வியாவிடம்கூடச் சொல்லவில்லை, அவ்வளவு வெட்கமாக இருந்தது.

இருந்தாலும், நான் சொன்னது உண்மை. உன்னிடமே சொல்லியிருக்க வேண்டியது, சொல்ல வாய் வரவில்லை. அந்த மூன்று நாளும் ஜன்னல் அதிர்ந்துகொண்டிருந்தது. நீ பழைய செய்தித்தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாய். நான் துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். "சூப் ஆறிடும்" என்று நான் சொன்னதும் "ம்" என்று நீ சொன்னதும்தான் நினைவிருக்கிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது. காற்று நின்றதும் நீ ஜெனோவாப் பேச்சை எடுத்தாய். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

அன்று நீ வந்து மணி அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்துப் பார்த்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பேன். சாப்பிட்டேன் என்றிருப்பாய். உடனே இருவரும் காபிக் கடைக்குக் கிளம்பியிருப்போம்.

ஊர்மேல் எனக்கு உள்ள ஆசை பொய் என்று மட்டும் நினைத்துவிடாதே. பர்கோலாக் கடலோரத்தில் நடைபாதைச் சிமெண்டிலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, பக்கத்தில் கார் போவதைக்கூட லட்சியம் பண்ணாமல் வெயில் காய்கிற கூட்டத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. ஆனால் நீ கேட்டது ஊரைப் பற்றி இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஒண்டினா

❖

ஜெனோவா
16 ஆகஸ்ட் 1987

ஒண்டினா,

எனக்கும் அந்த மூன்று நாள் நினைவிருக்கிறது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆம்பிளை என்பதால் அதற்கு வேலை மாற்றம் என்று பெயர் வைத்தேன்.

கடலைமாவு அடை, லிஃப்ட், மலை என்று அளந்தேனே, அங்கெல்லாம் நான் போவது அறையில் தனியாக உட்கார முடியாததால்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. வீடு பார்க்க வேண்டாம். என் அறையில் ஒரு மேஜை இருக்கிறது, இரண்டு நாற்காலி இருக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்து பார்ப்போம். ஒன்றும் வரவில்லையென்றால் அதையும் இருவருமாகத் தெரிந்துகொள்வோம். நான் இங்கேயும் நீ அங்கேயுமாக ஊகித்துக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

நேவியோ

❖

ஜெனோவா
14 செப்டம்பர் 1987

ஒண்டினா,

நீ ரயிலேறியபின் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். என்ன ஒரு அமைதி, சகிக்கவில்லை.

உன் அதிர்ஷ்டம், வந்த இரண்டாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. அடைக்கு மிளகு போடுவதா வேண்டாமா என்று ஆரம்பித்தாய். சந்துக்குள் நான் வழி தவறியதற்குப் போனாய். அங்கிருந்து என் அம்மா, அங்கிருந்து நம் கல்யாணத்தன்று நான் கட்டிய டை. "மெல்லப் பேசேன், வீட்டுச் சொந்தக்காரி மேல வந்துடுவா" என்றேன். "வரட்டும், அவளுக்கும் ஒரு நாற்காலி போடு" என்றாய். வந்தேவிட்டாள், உன் பக்கம் சேர்ந்துகொண்டாள். இத்தனை வருடத்தில் நீ என்னிடம் இவ்வளவு கத்தியதில்லை. பாதி எனக்கு விளங்கவில்லை, மீதியில் நீ சொன்னது சரி. நானும் கொஞ்சம் கத்தினேன் என்று நினைக்கிறேன். மழை விட்டதைக்கூட நாம் கவனிக்கவில்லை.

எனக்கு இது போதும். கம்பெனிக்குப் பதில் எழுதிவிட்டேன்: ஜெனோவா வேண்டாம், திரியெஸ்தேயில் கிடங்கு வேலையே சரி. இன்னும் தபாலில் போடவில்லை, கோட்டுப் பையில் இருக்கிறது. இருபத்தைந்தாம் தேதி போட்டுவிடுவேன். உன்னிடமிருந்து அந்த ஊரைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. கப்பல் வரைகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அங்கே வந்துவிடுகிறேன்.

உன்
நேவியோ

❖

திரியெஸ்தே
19 செப்டம்பர் 1987

நேவியோ,

அதைக் கிழித்துப் போடு.

நான் அங்கே வந்திருந்தபோது வியாழக்கிழமை உன் வேலை இடத்துக்குக் கூட்டிப் போனாயே, நான் ஒரு மூலையில் நின்றேன். நீ அந்த நீள மேஜைமேல் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கப்பலின் வயிற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பில் வரைந்தாய். நாக்கு நுனி வெளியே வந்திருந்தது. கோடு முடிந்ததும் நிமிர்ந்து, அதைப் பார்த்து உனக்கு நீயே சிரித்தாய். என்ன அழகாக இருந்தாய் தெரியுமா? இவனோடு பேச ஒன்றும் இல்லையென்று நினைத்தேனே, எனக்கு ஒன்றுமே தெரியாது போலிருக்கிறதே என்று அங்கேயே நின்று அழுகை வந்துவிட்டது. நீ கேட்டதற்குத் தலைவலி என்று சொன்னேன்.

அந்த ஆளை ஆணி எண்ண வைத்துவிட்டு நான் இங்கே காபி குடிக்க மாட்டேன். அடுத்த போராவில் கதவு அடைபட்டால் நீ வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாய், அது எனக்குத் தெரியும். இவளால்தானே என்று எதிரில் இருக்கிற என்னைப் பார்ப்பாய். எனக்கு அந்தப் பார்வை வேண்டாம்.

வேலையை விடுகிறேன், ஜெனோவாவுக்குப் போகிறேன் என்று கண்ணாடிக் கடையில் சொல்லிவிட்டேன். ஃபுல்வியாவிடமும் சொன்னேன். "பைத்தியமாடி உனக்கு? இந்த ஊரை விட்டுட்டா?" என்றாள். "ஊர் எங்கடி ஓடிடப் போகுது? அவன்தான் ஓடிட்டே இருக்கான்" என்றேன். அவள் என்னைத் திட்டிவிட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு ஜெனோவாவில் விடுதி வாடகை எவ்வளவு என்று விசாரித்தாள்.

இன்று சாயங்காலம் எல்லா இடத்துக்கும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தேன். மலைமேல் கோட்டைப் பக்கம் ஏறி நின்று ஊரைப் பார்த்தேன். வெளிச்சம் கடலில் இறங்குகிற நேரம், கப்பல்கள் அசையாமல் நின்றன. ஒரு குறையும் சொல்ல முடியாது, இதைப் போல ஊர் கிடையாது. அதற்காக அழவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை வண்டி. ஸ்டேஷனுக்கு வா. என்ன பேசலாம் என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டு வராதே, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், ஒப்பித்துவிட்டு நிறுத்திவிடுவாய். ஒன்றும் தோன்றவில்லையென்றால் சும்மா நில். நான் ஆரம்பிக்கிறேன்.

ஒண்டினா